என்ட்ரோபிக்கு ‘ஆறல்’ பொருந்துமா?

நண்பர்களுக்கு வணக்கம்.

ஒரு பொருளின் ஆற்றலும் மூலக்கூறுகளும் எத்தனை வகையாகப் பரவி அமையலாம் என்பதன் அளவே என்ட்ரோபி. அதற்குத் தமிழ்க் கலைச்சொல் தேடும் நம் உரையாடலில், ‘ஒழுங்கின்மை’ போதும் என்று நேற்று ஐயா ஒருவர் எழுதியிருந்தார். எனக்கு உடன்பாடில்லை. குலுக்கி வைத்த எண்ணெயும் தண்ணீரும் சற்று நேரத்தில் தாமே பிரிந்து அடுக்காக நிற்கின்றன. பார்வைக்கு ஒழுங்கு கூடியிருக்கிறது. என்ட்ரோபியும் கூடியிருக்கிறது, எண்ணெயைச் சூழ்ந்து கட்டுண்டு கிடந்த நீர் மூலக்கூறுகள் விடுபட்டுவிட்டன அல்லவா? நம் உடலில் புரதம் மடிந்து உருப்பெறுவதிலும் இதற்குப் பெரும் பங்கு உண்டு. முதல் பாடத்திலேயே பொய் சொல்லும் சொல் வேண்டாம்.

என்ட்ரோபிக்கு இன்னொரு பரிந்துரையான ‘சிதறம்’ நல்ல சொல்தான். ஆனால் ‘ஒளிச்சிதறல்’ பக்கத்து வீட்டில் குடியிருக்கிறது. விடைத்தாளில் இரண்டும் கலந்துவிடும்.

1865-இல் ஜெர்மன் இயற்பியலாளர் கிளாசியஸ் மாற்றத்தைக் குறிக்கும் கிரேக்கச் சொல்லை எடுத்து, எனர்ஜிக்கு ஒலியில் இணையாக இருக்கட்டும் என்றே என்ட்ரோபியை அமைத்தார். நமக்கு அந்த இணை கையருகே இருக்கிறது: ஆற்று, ஆறு. ‘ஆற்றல்’ இருக்க, ‘ஆறல்’ ஏன் கூடாது? (செய்து முடிக்கும் ‘ஆற்று’ வேறு, பாலைச் சூடு தணிக்கும் ‘ஆற்று’ வேறு என்று இலக்கண அன்பர்கள் வருவார்கள். காதுக்கு இணையாக இருந்தால் எனக்குப் போதும்.) சோறு ஆறுகிறது, கோபம் ஆறுகிறது, எல்லாம் ஓய்ந்த சமநிலையை ‘ஆறி அடங்கியது’ என்கிறோம்.

ஒன்று கவனிக்க வேண்டும். டம்ளரில் காப்பி ஆறும்போது காப்பியின் என்ட்ரோபி உண்மையில் குறைகிறது. அறையின் என்ட்ரோபி அதைவிட அதிகமாகக் கூடுகிறது. கணக்கை டம்ளரோடு நிறுத்தக் கூடாது.

உயிருக்கும் இதே கணக்குத்தான். பிரெஞ்சு அறிவியலாளர்கள் லவாய்சியரும் லாப்லாசும் 1780-களில் கினிப்பன்றியைப் பனிக்கட்டி சூழ்ந்த கலத்தில் வைத்து, உருகி வடிந்த நீரை எடைபோட்டு, மூச்சு விடுவதும் கரி எரிவதும் ஒரே இனம் என்று வாதிட்டார்கள். சும்மா உட்கார்ந்திருக்கும் மனிதர் ஏறக்குறைய 100 வாட் வெப்பத்தை வெளிவிடுகிறார். 300 கெல்வின் (சுமார் 27 டிகிரி செல்சியஸ்) அறையில், 100-ஐ 300-ஆல் வகுத்து, நொடிக்கு 0.33 ஜூல்/கெல்வின் ஆறலை அறைக்குத் தருகிறார் என்று எழுதிப் பார்த்தேன், வாக்கியம் தடுக்கவில்லை. புண் ஆறும்போது திசு ஒழுங்கு பெறுகிறதே என்பீர்கள். பெறட்டும், அந்தச் செலவு சுற்றுப்புறத்தின் பற்றில் ஏறுகிறது. உயிர் உண்பது எதிர்ம என்ட்ரோபியை என்று இயற்பியலாளர் ஷ்ரோடிங்கர் 1944-இல் எழுதியதையும் ‘எதிர் ஆறல்’ என்று சொல்லிவிடலாம்.

இடறுவது வேறோர் இடத்தில்: “1 கிராம் பனிக்கட்டி உருகும்போது அதன் ஆறல் 1.22 ஜூல்/கெல்வின் கூடுகிறது.” கணக்கு சரி. ஆனால் வெப்பத்தை வாங்கி உருகுவதை ஆறுவதாக எந்த மாணவர் ஏற்பார்? போதாக்குறைக்கு, ர, ற வேறுபாடு கேட்காத வகுப்பில் ஆரல் மீன் குழம்பும் நினைவுக்கு வரும். மீனைப் பொறுத்துக்கொள்ளலாம். பனிக்கட்டி வாக்கியத்தை யாராவது காப்பாற்றித் தாருங்கள். முடியாவிட்டால் என் வாக்கும் சிதறத்துக்கே.