கபாயன் வீட்டுச் சாப்பாடு கடைத்தெருவுக்கு வராதது ஏன்?

துபாய் கராமாவில் ஆறு வருஷமாக இருக்கிறேன். எங்கள் கட்டடத்துக்குக் கீழே ஒரு தோசைக் கடை, அடுத்து மலையாளிக் கடை, மூலையில் பிலிப்பைன்ஸ் கடை. முதல் இரண்டிலும் எல்லா நாட்டு முகங்களும் தெரியும். மூன்றாவதில் கபாயன்கள் மட்டும்தான். (இங்கே பிலிப்பைன்ஸ்காரர்களை எல்லாரும் அப்படித்தான் கூப்பிடுவோம். ‘எங்க ஊர்க்காரர்’ என்று அர்த்தம்.)

அலுவலகத்தில் பக்கத்து இருக்கை அக்காவை அவர்கள் வழக்கப்படி ‘ஆத்தே’ என்பேன். மதியம் டிபன் பாக்ஸைத் திறந்ததும் “குமாயின் கா நா?” என்பார். வேறொன்றுமில்லை, நம்ம ‘சாப்பிட்டாச்சா?’தான். ஒருநாள் சினிகாங் கொடுத்தார். புளித்தண்ணீரில் இறால், முள்ளங்கி, வெண்டைக்காய், கீரை. தாளிக்க மறந்த ரசம் மாதிரி இருந்தது. மூன்றாவது கரண்டியில் பிடித்துப்போய், கடை போடலாமே என்றேன். “வீட்டுச் சாப்பாட்டுக்கு யார் காசு கொடுப்பாங்க?” என்று சிரித்தார். தாய்லாந்துச் சாப்பாடு இல்லாத மால் கிடையாது. இது மட்டும் ஏன் இப்படி? உங்களுக்கு ஏதாவது அனுபவம் உண்டா?

*

நான் தூத்துக்குடி, கப்பலில் இன்ஜினியர். மூன்று கப்பல்களில் எங்களுக்குச் சமைத்தவர்கள் பிலிப்பைன்ஸ்காரர்கள். அடோபோ என்றால் வினிகர், சோயா சாஸ், பூண்டு, மிளகு, பிரிஞ்சி இலை, இறைச்சி, அவ்வளவுதான். பார்க்கப் பழுப்பாக, ஒரு அழகும் இருக்காது. ஆனால் மீன்குழம்பு மாதிரி, மறுநாள்தான் அதன் ருசியே. ஒருமுறை சமையல்கார ‘கூயா’விடம் (அண்ணனுக்கு அவர்கள் சொல்) கரையில் ஹோட்டல் வைக்கலாமே என்றேன். ஒன்பது மாத ஒப்பந்தம் முடிந்தால் ஊருக்குப் போய்ப் பிள்ளைகளைப் பார்க்கணும், ஹோட்டல் எதுக்கு என்றார். பிழைக்க வந்த ஊரில் கடை வைத்துத்தான் சீனர்கள் பலர் காலூன்றினார்கள். இவர்கள் சம்பளத்துக்கு வந்தவர்கள். எனக்குத் தெரிந்து பெரிய காரணம் இதுதான்.

*

சிங்கப்பூர். ஞாயிற்றுக்கிழமை நம்மாட்கள் தேக்காவுக்கு (லிட்டில் இந்தியா) போவதுபோல பிலிப்பைன்ஸ் பணிப்பெண்கள் லக்கி பிளாசா மாலுக்குப் போவார்கள். அங்கே ‘துரோ துரோ’ கடைகள் உண்டு. தட்டு தட்டாக வைத்திருப்பார்கள், விரலால் காட்டி வாங்க வேண்டும். நான் காட்டிய கறுப்புக் குழம்பு தினுகுவான், பன்றி ரத்தம். ஆட்டு ரத்தப் பொரியல் தின்று வளர்ந்தவன்தான், இருந்தாலும் ஒரு நிமிஷம் யோசித்தேன். வெளியாளுக்கு விளக்கிச் சொல்ல அங்கே யாருமில்லை. அவர்கள் சமைத்தது அவர்களுக்காக. தாய்லாந்து அரசோ 2002லேயே வெளிநாடுகளில் தாய் உணவகங்களைப் பெருக்கத் திட்டம் போட்டு இறங்கிவிட்டது. லக்கி பிளாசாவில் 2013ல் பிலிப்பைன்ஸின் துரித உணவுக் கடையான ஜாலிபீ வந்தபோது பெரிய வரிசை நின்றது. ஆனால் அது விற்பது பொரித்த கோழி!

*

கனடா, ஸ்கார்பரோவில் இருந்து எழுதுறன். எங்கட ஆஸ்பத்திரியில கன நர்ஸ்மார் பிலிப்பைன்ஸ்காரர். இரவு வேலைக்கு லும்பியாவும் (அவையின்ட ரோல்ஸ்) பன்சிட்டும் (நூடுல்ஸ்) ஒரு பெரிய தட்டில வரும், ஆருக்கும் இல்லை எண்டு சொல்லமாட்டினம். அவை கொண்டாடுற ஊபே எங்கட இராசவள்ளிக்கிழங்குதான்! அம்மா கூழ் காய்ச்சுவா, அவை ஐஸ்கிரீம் போடுகினம். நிலைமையும் மாறுது. சிகாகோவில கசாமா எண்ட பிலிப்பைன்ஸ் கடைக்கு 2022ல, நல்ல உணவகங்களுக்குக் குடுக்கிற மிஷலின் நட்சத்திரம் கிடைச்சது. பிலிப்பைன்ஸ் உணவகம் ஒண்டுக்கு அது கிடைச்சது அதுதான் முதல் தடவை.

*

முதலில் எழுதியவன்தான். கப்பல்காரர் சொன்னதை ஆத்தேயிடம் சொன்னேன். அவருடைய அண்ணனும் கப்பலில்தானாம். பதிலுக்கு நேற்று ஒரு பிளாஸ்க் நிறைய ரசம் கொண்டுபோனேன். ஒரு வாய் குடித்தார், கரண்டியால் அடிவரை துழாவினார். “மீன் எங்கே?” என்றார்.