ஒக்கி சுருக்கத்துக்கு எந்த லேபிள்?

வள்ளவிளைக்காரன்:
தக்கலை டேட்டா நேற்று இங்கே அளந்ததைப் படித்ததிலிருந்து எரிச்சல் தீரவில்லை. பேரிடர் மேலாண்மை ஆய்வுச் சுருக்கங்களை ஏ.ஐ. மொழி மாடலிடம் கொடுத்தால் தணிப்பு, ஆயத்தம், மீட்புப்பணி, மறுவாழ்வு என்று நாலாகப் பிரித்துவிடுமாம். இனி ஆள் உட்கார்ந்து படிக்க வேண்டாமாம். சரி, பார்த்துவிடுவோம் என்று எம்.ஃபிலுக்கு நான் தமிழில் எழுதிய சுருக்கத்தையே கொடுத்தேன். ஒக்கி புயல் சமயத்தில் ஆழ்கடலில் கிடந்த விசைப்படகுகளுக்கு எச்சரிக்கை ஏன் போய்ச் சேரவில்லை என்பதுதான் விஷயம். மாடல் போட்ட லேபிள்: மீட்புப்பணி. எச்சரிக்கை போகாதது மீட்பா? ஆயத்தத்தில் விழுந்த ஓட்டை என்று எங்கள் ஊர் சின்னப் பிள்ளைக்கும் தெரியும்.

தக்கலை_டேட்டா:
அண்ணே, சுருக்கத்தைப் படித்தேன். "தேடுதல்" நாலு தடவை வருகிறது. கூடவே கடற்படை, கடலோரக் காவல்படை, ஹெலிகாப்டர். "எச்சரிக்கை" இரண்டே தடவை. மாடல் எழுத்தைத்தான் படிக்கும், உங்கள் மனதை இல்லை.

வள்ளவிளைக்காரன்:
மூன்று தடவை. நாலு இல்லை.

தக்கலை_டேட்டா:
கடைசி வரியில் "தேடிய படகுகள்" இருக்கிறதே அண்ணே.

வள்ளவிளைக்காரன்:
"தேடிய" வேறு, "தேடுதல்" வேறு. அந்தப் படகுகள் எங்கள் ஊர்ப் படகுகள், அரசுப் படகுகள் இல்லை. இந்த வித்தியாசம்கூடத் தெரியாத மாடலை வைத்தா ஆயிரம் சுருக்கம் பிரிக்கப் போகிறீர்?

பார்வதிபுரம்_வாத்தியார்:
ஒரு நிமிடம். நாலு கட்டத்துக்கும் வரையறை என்ன என்று பிராம்ப்டில், அதாவது மாடலுக்குக் கொடுத்த கட்டளையில், எழுதினீர்களா? 2005ஆம் ஆண்டு பேரிடர் மேலாண்மைச் சட்டமே நாலோடு நிற்கவில்லை. தடுத்தல், திறன் வளர்த்தல், பாதிப்பை மதிப்பிடுதல் என்று நீள்கிறது. எச்சரிக்கையை ஆயத்தத்தில் வைப்பவர்களும் உண்டு, மீட்பின் முதல் படியாக வைப்பவர்களும் உண்டு. இரண்டு லேபிள் போட அனுமதித்தால் பாதிச் சண்டை குறையும். முதலில் இரண்டு மனிதர்கள் தனித்தனியாகப் பிரித்து, தற்செயலாக ஒத்துப்போவதைக் கழித்து, மீதி எவ்வளவு ஒத்துப்போகிறது என்று காட்டும் கோஹென் காப்பா எண்ணைப் பாருங்கள். மாடலைப் பிறகு திட்டலாம்.

வள்ளவிளைக்காரன்:
சாரே, காப்பாவும் வேண்டாம் கப்பையும் வேண்டாம். எழுதினவன் நான். எந்தக் கட்டம் என்று எனக்குத் தெரியாதா?

2017 நவம்பர் 30 காலையில்தான் அது புயல் என்றே பெயர் வாங்கியது. எங்கள் ஆட்கள் அதற்குப் பல நாள் முன்பே கடலில். சுறாவுக்குப் போகிற படகு சாயங்காலம் கரைக்கு வராது, வாரக்கணக்கில் தங்கும். கரையிலிருந்து வயர்லெஸ் எட்டுகிற தூரத்தைத் தாண்டி எப்போதோ போயாச்சு. என் சித்தி அந்த செட்டை மடியில் வைத்துக்கொண்டு மூன்று நாள் இருந்தார். கரகரப்பு மட்டும்தான் வந்தது. பேட்டரி தீர்ந்ததும் கழற்றி வெயிலில் காயவைத்தார், சார்ஜ் ஏறும் என்று யாரோ சொன்னதை நம்பி. இதை "மீட்புப்பணி" என்று ஒரு மெஷின் சொல்லும், நான் தலையாட்ட வேண்டுமா?

கொட்டில்பாடு:
உங்களுக்காவது போய்ச் சேராத எச்சரிக்கை ஒன்று இருந்தது. 2004இல் எங்களுக்கு அதுவும் இல்லை. இந்தியப் பெருங்கடலுக்கு சுனாமி எச்சரிக்கை ஏற்பாடே கிடையாது, ஹைதராபாத் மையம் வந்தது 2007இல். எங்களைப் பற்றி எழுதினால் எந்த லேபிள்? அதையும் கொஞ்சம் கேட்டுச் சொல்லுங்கள்.

வள்ளவிளைக்காரன்:
இப்போது சுனாமியை யார் கேட்டார்? எதை எடுத்தாலும் குளச்சல் பக்கத்து ஆட்களுக்கு முதல் நாற்காலி வேண்டும்.

கொட்டில்பாடு:
நாற்காலியா? லேய், வார்த்தையை அளந்து பேசு.

குழித்துறை_ஜங்ஷன்:
அது "ஒகி". பேப்பரில் அப்படித்தான் போட்டார்கள். பெயரையே தப்பாக எழுதினால் மாடல் எப்படிச் சரியாகப் பிரிக்கும்?

வள்ளவிளைக்காரன்:
ஒரு பேப்பர் ஒகி, ஒரு பேப்பர் ஓகி, இன்னொன்று ஒக்கி. பங்களாதேஷ் வைத்த பெயர், கண் என்று அர்த்தம். நீர் வந்து திருத்த வேண்டாம்.

குழித்துறை_ஜங்ஷன்:
அந்த டிசம்பரில் காணாமல் போனவர்களைத் தேடச் சொல்லி எங்கள் ஸ்டேஷனில் ரயிலை மறித்தீர்களே, அன்று எனக்கு இண்டர்வியூ. நான் மறக்கவில்லை.

வள்ளவிளைக்காரன்:
நாங்களும் மறக்கவில்லை. உமக்குப் போனது இண்டர்வியூ.

தக்கலை_டேட்டா:
எல்லாரும் கேளுங்கள். வாத்தியார் சொன்ன மாதிரி வரையறையைச் சேர்த்து மறுபடி ஓட்டினேன். "ஆயத்தம்" என்று வந்தது.

வள்ளவிளைக்காரன்:
அப்படியானால் நான் சொன்னதுதான் சரி. மன்னிப்புக் கேளும்.

தக்கலை_டேட்டா:
பொறுங்கள். லேபிள்களின் வரிசையை மாற்றி மீட்புப்பணியை முதலில் வைத்துக் கேட்டேன். திரும்பவும் "மீட்புப்பணி". சுருக்கத்தில் ஒரு எழுத்துகூட மாறவில்லை.

பார்வதிபுரம்_வாத்தியார்:
அதுதான் கவனிக்க வேண்டியது! வரிசையை மாற்றினால் விடை மாறுகிறது என்றால் அந்தச் சுருக்கம் இரண்டு கட்டத்துக்கும் நடுவில் கிடக்கிறது. எல்லா வரிசையிலும் ஓட்டி, மாறுகிறவற்றை மட்டும் தனியாக எடுத்து ஆள் படிக்கட்டும்.

தக்கலை_டேட்டா:
நடுவில் எல்லாம் இல்லை சார். "தேடுதல்" நாலு இருக்கிறது, அதுதான் இழுக்கிறது.

வள்ளவிளைக்காரன்:
மூன்று. "தேடிய" கணக்கில் வராது என்று எத்தனை தரம் சொல்வது?

கொட்டில்பாடு:
என் கேள்விக்கு இன்னும் ஒருத்தரும் பதில் சொல்லவில்லை.

தக்கலை_டேட்டா:
மாடல் தமிழ்ச் சொல்லைத் துண்டு துண்டாக உடைத்துத்தான் படிக்கும் அண்ணே. "தேடு" பொதுவாக வந்தால் அதற்கு இரண்டும் பக்கத்து வீடு.

வள்ளவிளைக்காரன்:
உடைத்துப் படிக்கிறவனிடம் என் சுருக்கத்தைக் கொடுத்தது என் தப்பு. நாளைக்கு "தேடிய"வை எடுத்துவிட்டு "போன" என்று போட்டு ஓட்டுகிறேன். அப்போதும் மீட்புப்பணி என்று வந்தால் உம்மிடம் பேசிக்கொள்கிறேன்.

குழித்துறை_ஜங்ஷன்:
அப்படியே "ஒகி" என்றும் திருத்திக்கொள்ளும்.