அரூப நிலக்காட்சி: எதை முதலில் பூசுவது, எதைக் கடைசியில்?

நீலச்சாயம்:
அக்ரிலிக், கிழித்த டிஷ்யூ பேப்பர், கரி, ஆயில் பேஸ்டல் எல்லாம் சேர்த்து அரூப நிலக்காட்சி வரைந்து பார்க்கிறேன். எனக்கு வேண்டியது ஒரு மலைச்சரிவின் உணர்வு. வருவதோ காலண்டர் படம் மாதிரி மலை, மேகம், ஆறு. சரி, அதைக் கலைப்போம் என்று போனால் மொத்தமும் சேற்று நிறமாகிவிடுகிறது. பேஸ்டல் தீட்டிய இடத்தில் பெயின்ட்டும் ஒட்ட மாட்டேன் என்கிறது. நீங்கள் எதில் தொடங்குவீர்கள்? புகைப்படத்தைப் பார்த்து வரைவீர்களா?

கரித்துண்டு:
ஒட்டாததற்குக் காரணம் பேஸ்டலில் இருக்கும் எண்ணெயும் மெழுகும். அக்ரிலிக் தண்ணீரில் கரைவது. அதன் மேல் நிற்காது, பின்னால் உரிந்தும் வரும். தண்ணீர்ச் சரக்கு எல்லாம் கீழே, எண்ணெய்ச் சரக்கு மேலே. கரிக்கு ஃபிக்ஸேட்டிவ் (கரித்தூளைப் பிடித்து நிறுத்தும் ஸ்ப்ரே) அடித்துவிட்டு மேலே பூசுங்கள். இல்லையென்றால் தூரிகை அதை இழுத்துக்கொண்டு போகும். உங்கள் சேற்றில் பாதி அதுவாகக்கூட இருக்கலாம்.

ஈரக்காகிதம்:
புகைப்படம் பார்ப்பேன். அதிலிருந்து உள்ளங்கை அளவில் சில பென்சில் கிறுக்கல்கள் போட்டுக்கொண்டு, படத்தை மேசை டிராயருக்குள் வைத்துவிடுவேன். கண்ணெதிரே இருந்தால் கை அதற்கு அடிமையாகிவிடும். அந்த இடத்தில் எனக்குப் பட்ட ஒன்றை மட்டும் எடுத்துக்கொள்வேன். இப்போது வரைந்துகொண்டிருப்பதில் அது சரிவின் கனம். அதனால் கேன்வாஸ் முழுக்க நிலம், வானம் மேல் விளிம்பில் ஒரு கீற்று. காட்டிக்கொடுப்பது தொடுவானக் கோடுதான். இந்த ஓரத்திலிருந்து அந்த ஓரம் வரை அது நேராக ஓடினால் கண் 'மேலே வானம், கீழே தரை' என்று முடிவு கட்டிவிட்டுப் போய்விடும். குறுக்கே காகிதத்தை ஒட்டி அதை உடையுங்கள்.

காகிதத்தைக் கிழியுங்கள், வெட்டாதீர்கள். கிழித்த ஓரத்தில் நார் நிற்கும், நிறம் அதில் கசிந்து மங்கும். கத்தரி பட்ட ஓரம் தனிப் பொருளாகத் துருத்திக்கொண்டிருக்கும். மாட் மீடியம் (காய்ந்தால் பளபளக்காத அக்ரிலிக் பசை) தடவி, காகிதத்தை வைத்து, நடுவிலிருந்து வெளியே மறுபடி தடவுங்கள். சுருக்கங்கள் இருக்கட்டும். நன்றாகக் காய்ந்ததும் பர்ன்ட் சியன்னா என்ற செம்பழுப்பு நிறத்தை நிறையத் தண்ணீரில் கரைத்துப் பூசி, அது இறுகுவதற்குள் ஈரத்துணியால் துடைத்தெடுங்கள். மேட்டிலிருந்து நிறம் போய்விடும், சுருக்கத்துக்குள் தங்கிவிடும். ஓடை வழி, பாறை வெடிப்பு எல்லாம் தானாக வரும். தூரிகையால் அதையே போட்டால் 'வரைந்தது' என்று தெரிந்துவிடும்.

சேற்று நிறத்துக்கு வருகிறேன். ஈர நீலத்தின் மேல் ஆரஞ்சு விழுந்தால் பழுப்புதான், வேறு வழியில்லை. கீழடுக்கு காய்ந்த பிறகு மேலே மெல்லிசாகப் பூசினால் இரண்டு நிறமும் பிழைத்துக்கொள்ளும். அப்புறம், அக்ரிலிக் காய்ந்தால் ஒரு சாயல் கறுக்கும். ஈரத்தில் பால் போலிருக்கும் பசை காய்ந்ததும் தெளிந்துவிடுவதால் அப்படி. வானத்தைக் கொஞ்சம் வெளுப்பாகவே கலந்துகொள்ளுங்கள்.

எனக்கு ஒத்துக்கொள்ளாத ஒன்று: கேன்வாஸ் முழுக்கச் சொரசொரப்பு. எல்லா இடமும் கத்தினால் எதையும் பார்க்க முடியாது. பாதியாவது சும்மா இருக்க வேண்டும். அமெரிக்க ஓவியர் ரிச்சர்ட் டீபென்கார்ன் 1967இல் தொடங்கிய 'ஓஷன் பார்க்' தொடரைப் பாருங்கள். பெரிய பெரிய வெளிகள். ஆனால் வெறுமை இல்லை. அவர் மாற்றிப் போட்ட கோடுகளும் பழைய நிறங்களும் மெல்லிய பூச்சுக்கு அடியில் தெரிந்துகொண்டே இருக்கும். கலைத்ததை முழுதாக மறைக்கத் தேவையில்லை என்பதை நான் அங்கேதான் பார்த்துக்கொண்டேன்.

நீலச்சாயம்:
முழுக்கச் சொரசொரப்பு, என்னுடையது அப்படியேதான்! இன்னொரு சந்தேகம். கடைசியில் ஆயில் பேஸ்டல் தீட்டிவிட்டு மேலே வார்னிஷ் பூசலாமா?

கரித்துண்டு:
தூரிகையால் வேண்டாம், கோடு இழுபடும். ஆயில் பேஸ்டல் முழுதாகக் காய்வதே இல்லை. கண்ணாடிச் சட்டம் போடுங்கள், கண்ணாடி படத்தில் படாமல் இடைவெளி விட்டு.

ஈரக்காகிதம்:
கண்ணாடி வேண்டாமென்றால் பேஸ்டலுக்குப் பதில் வண்ணப் பென்சில். பளபளப்பான பரப்பில் வழுக்கும். மாட் மீடியம் காய்ந்த இடத்தில் நன்றாகப் பிடிக்கும்.