சிக்ஸ்லைன் ராஸ் புது மீனை விடாமல் துரத்துகிறது, என்ன செய்யலாம்?

உப்புத்தண்ணி:
3 அடி கடல்மீன் டேங்க், 180 லிட்டர். ஒரு ஜோடி க்ளௌன்ஃபிஷ், ஒரு சிக்ஸ்லைன் ராஸ். எட்டு மாதமாக ஒரு சண்டை கிடையாது. சனிக்கிழமை ஃபயர்ஃபிஷ் ஒன்று வாங்கி விட்டேன். கால்மணி நேரத்தில் ராஸ் துரத்த ஆரம்பித்துவிட்டது. இப்போது ஃபயர்ஃபிஷ், தண்ணீர் டேங்குக்குத் திரும்பி வரும் ரிட்டர்ன் பைப் மூலையில், தண்ணீர் மட்டத்தை ஒட்டியே நிற்கிறது. முதுகில் கொடி மாதிரி நீண்டிருந்த துடுப்பு பாதி பிய்ந்துவிட்டது. மைசிஸ் (குட்டி இறால் மாதிரியான தீனி) போட்டால் கொஞ்சம் இறங்கி வரும். பாறை இடுக்கில் ராஸின் சிவப்புக் கண் தெரிந்ததும் மூலைக்கே திரும்பிவிடும். மூன்று நாளாக அது சாப்பிட்டு நான் பார்க்கவில்லை. ராஸ் என் சுண்டுவிரல் நீளம்தான். பழகிவிடும் என்று விட்டுவிடலாமா?

பாறைமீன்:
விடாதீர்கள். முதலில் டேங்குக்கு வலைமூடி போடுங்கள். ஃபயர்ஃபிஷ் பயந்தால் குதிக்கும். நான் ஒன்றை அப்படித்தான் பறிகொடுத்தேன், காலையில் தரையில் காய்ந்து கிடந்தது. இன்னும் மனசு ஆறவில்லை.

அப்புறம், வெளியே எடுக்க வேண்டியது ராஸை. ஃபயர்ஃபிஷை எடுத்துத் திரும்ப விட்டால் ராஸுக்கு அது மறுபடியும் புது ஆள்தான். வலைக்கு ராஸ் சிக்காது. தண்ணீர் பாட்டிலின் கழுத்தை வெட்டி, தலைகீழாகச் செருகி, உள்ளே மைசிஸ் வைத்துப் பாறை ஓரம் படுக்க வையுங்கள். எனக்கு இரண்டாம் நாள் மாட்டியது. ஓட்டை போட்ட டப்பாவில் போட்டு, சம்ப்பில் (டேங்கோடு இணைந்த வடிகட்டித் தொட்டியில்) பத்து நாள் வைத்திருந்தேன். அதற்குள் பாறைகளை இடம் மாற்றி, ஃபயர்ஃபிஷ் ஒளிய மணல் பக்கம் ஒரு பொந்து விட்டேன். ராஸ் திரும்பி வந்தபோது இடமே அதற்குப் புதிது. ஒரு நாள் முறைத்தது, அவ்வளவுதான்.

அலைவாய்:
எனக்கு இதெல்லாம் செய்தும் சரிவரவில்லை, ராஸைக் கடையிலேயே திருப்பிக் கொடுத்தேன். கடலில் தோற்ற மீன் அடுத்த பாறைக்குப் போய்விடும். 3 அடி டேங்கில் எங்கே ஓடினாலும் கண்ணாடிதான். சிக்ஸ்லைன் வேண்டுமென்றால் எல்லா மீனுக்கும் கடைசியாக விட வேண்டும்.

உப்புத்தண்ணி:
வலைமூடி அன்றைக்கே போட்டுவிட்டேன். பாட்டிலுக்குள் முதலில் க்ளௌன்தான் போனது. எடுத்து விட்டுவிட்டு மறுபடி வைத்தேன். இன்று காலை ராஸ் மாட்டி, இப்போது சம்ப்பில் இருக்கிறது. மதியம் ஃபயர்ஃபிஷ் நடுத்தண்ணீருக்கு வந்து நாலு மைசிஸ் சாப்பிட்டது. பாறைகளை நாளைக்கு மாற்றப்போகிறேன்.