பீடத் துணி துவைப்பது ஓசி வேலையாம்!

நாசரேத்துக்காரி:
நேற்று நம் வாட்ஸ்அப் குழுவில் ஓர் அண்ணாச்சி எழுதியிருந்தார்: "அமெரிக்க எபிஸ்கோபல் சபையில் (இங்கிலாந்தின் ஆங்கிலிக்கன் சபை வழி வந்தது) பீடத்துப் பாத்திரமும் துணியும் கவனிக்கிற ஆல்டர் கில்ட் குழுவின் வேலை ஊழியமே இல்லை. ஊரில் கோயில் பணியாளரான கோயில்பிள்ளை சம்பளத்துக்குச் செய்கிற வேலையை இங்கே பெண்களிடம் ஓசியில் வாங்குகிறார்கள். அந்தத் துணி அலசிய தண்ணீரும் கடைசியில் சமையலறை சிங்க்கில்தான் போகிறது." படித்ததிலிருந்து மனசு ஆறவில்லை.

நியூ ஜெர்சியில் 14 வருடமாக ஆல்டர் கில்ட்டில் இருக்கிறேன். ஆராதனை முடிந்ததும் திருவிருந்துப் பாத்திரம் துடைத்த சிறு துணிகளைச் சேர்த்தெடுப்பேன். எட்டுப் பத்து இருக்கும். ஒன்றிரண்டில் லிப்ஸ்டிக் கறை. அவற்றை முதலில் ஒரு கிண்ணத்துத் தண்ணீரில் அலசி, அந்தத் தண்ணீரைப் பிசினா என்ற தனித் தொட்டியில் ஊற்றுவேன். பிசினாவின் குழாய் சாக்கடைக்குப் போகாது, நேரே மண்ணுக்குள் இறங்கும். ஆசீர்வதித்த திராட்சரசம் ஒரு துளி துணியில் இருந்தாலும் அது சாக்கடையில் கலக்கக் கூடாது என்பதற்காக இந்த ஏற்பாடு. அப்புறம்தான் சோப்பு. ஈரம் காய்வதற்குள் இஸ்திரி போட வேண்டும். நீளவாக்கில் மூன்றாக, பிறகு குறுக்கே மூன்றாக மடித்தால் தைத்த சிலுவை நடுவில் வந்து நிற்கும். என் மாமியார் இறந்த வாரம்கூட இதைச் செய்தேன். இதை ஓசி வேலை என்று சொல்ல வாய் எப்படி வந்தது?

டல்லாஸ் தாசன்:
அந்த அண்ணாச்சி நான்தான். பெயரைச் சொல்லியே கேட்டிருக்கலாம்.

நானும் ஆறு வருடம் உழைத்திருக்கிறேன். வருகிறவர்களை வரவேற்று இடம் காட்டும் அஷராக நின்றேன், புல் வெட்டினேன், ஆராதனை முடிந்து கூடும் காபி ஹவருக்குச் சமோசா சுமந்தேன். சம்பளத்துக்கு இருந்த ஆளை அனுப்பிவிட்டு, அவர் செய்ததையெல்லாம் "உங்கள் தாலந்து, உங்கள் ஊழியம்" என்று எங்கள் தலையில் கட்டினார்கள். அப்புறம் உங்கள் பிசினா. எங்கள் கோயிலிலும் இருந்தது. அதன்மேல் பூச்சாடி இருந்தது. அலசிய தண்ணீரைச் சமையலறை சிங்க்கில் ஊற்றியதை இரண்டு கண்ணாலும் பார்த்தேன்.

நாசரேத்துக்காரி:
உங்கள் கோயிலில் ஒருவர் தவறாகச் செய்தார் என்றால் அது அவர் தவறு. பிசினா இல்லாத இடங்களில் தோட்டத்து மண்ணிலாவது ஊற்றுவார்கள். சிங்க்கில் ஊற்ற மாட்டார்கள்.

டல்லாஸ் தாசன்:
சிங்க்கில்தான் ஊற்றினார்கள்.

மதுரை மிஷன்:
இந்தப் பிசினாவை நான் இப்போதுதான் கேள்விப்படுகிறேன். எங்கள் பக்கம் அமெரிக்க மதுரை மிஷன் வழி வந்தவர்கள், காங்கிரிகேஷனல் என்ற புராட்டஸ்டன்ட் பிரிவு. 1947 செப்டம்பர் 27இல் சென்னை செயின்ட் ஜார்ஜ் கதீட்ரலில் எல்லாரும் சேர்ந்து சி.எஸ்.ஐ. (தென்னிந்தியத் திருச்சபை) ஆனபோது ஆங்கிலிக்கன்கள் மட்டுமா வந்தார்கள்? மெத்தடிஸ்ட், பிரெஸ்பிட்டேரியன், நாங்கள் எல்லாரும்தான் வந்தோம். அக்கா மாதிரித் திருநெல்வேலிக்காரர்கள் பேசினால் சி.எஸ்.ஐ. முழுவதும் அவர்கள் தாத்தா சொத்து போலவே இருக்கிறது.

இன்னொன்று: வெஸ்ட்ரியில் இதையெல்லாம் பேசித் தீர்க்காமல் இங்கே எதற்கு? போதகர் ஐயர் அங்கி மாற்றுகிற அறையில் நாலு பேர் நின்று பேசினால் முடிந்தது.

நாசரேத்துக்காரி:
தம்பி, ஊரில்தான் வெஸ்ட்ரி அறை. எபிஸ்கோபல் சபையில் வெஸ்ட்ரி என்றால் சபையார் தேர்ந்தெடுக்கிற நிர்வாகக் குழு. சீனியர் வார்டன், ஜூனியர் வார்டன் என்று அதில் இருப்பார்கள். தெரியாமல் நடுவில் நுழையாதீர்கள்.

மதுரை மிஷன்:
அறையோ குழுவோ, கேட்ட கேள்விக்குப் பதில் வரவில்லை. 14 வருடம் துவைத்தீர்களே, அந்தக் குழுவில் எத்தனை வருடம் இருந்தீர்கள்?

டல்லாஸ் தாசன்:
சரியான கேள்வி! பதில் வராது.

ஓரத்து இருக்கை:
இரண்டு பக்கமும் கொஞ்சம் மூச்சு விடுங்கள். எபிஸ்கோபல் சபையின் 1979 ஜெபப்புத்தகத்தின் ஞானோபதேசத்தில் சபையின் ஊழியர்கள் யார் என்ற கேள்விக்கு விடை இருக்கிறது. குருப்பட்டம் பெறாத சபையார், பிஷப்புகள், குருக்கள், டீக்கன்கள் என்பது வரிசை. சபையார்தான் முதலில். அண்ணாச்சி சொல்கிற "ஊழியமே இல்லை" அங்கேயே விழுந்துவிடுகிறது.

அக்காவுக்கும் ஒன்று. மீந்த அப்பத்தையும் ரசத்தையும் பயபக்தியோடு உட்கொள்ள வேண்டும் என்றுதான் அதே புத்தகம் சொல்கிறது. துணி அலசிய தண்ணீர் பற்றி அதில் கட்டளை கிடையாது. அது ஆல்டர் கில்ட் வழக்கம். நல்ல வழக்கம், ஆனால் வழக்கம்.

நாசரேத்துக்காரி:
வழக்கம் என்றால் லேசா? அம்மாவுக்கு மருந்து கொடுக்கும் முன் கை கழுவுகிறோம், அதற்குக் கட்டளையா இருக்கிறது?

கட்டளைப் புத்தகத்தை என்னிடம் காட்ட வேண்டாம். எங்கள் ஆச்சி சோறு வடிக்கும் முன் தினமும் ஒரு பிடி அரிசியைத் தனிச் சட்டியில் போடுவாள், கோயில் காணிக்கைக்கு. அதுவும் எந்த ஜெபப்புத்தகத்திலும் இல்லை. இங்கே எபிஸ்கோபல் சபைப் பெண்கள் 1889 முதல் நன்றிக் காணிக்கை சேர்க்கிறார்கள். வீட்டில் ஒரு நீலப் பெட்டி வைத்து, நன்மை ஒன்று நடந்தால் அதில் காசு போடுவார்கள். ஆச்சியின் அரிசிச் சட்டியும் அந்த நீலப் பெட்டியும் எனக்கு ஒன்றுதான். எங்கள் கோயிலில் முதல்முறை அந்தப் பெட்டியைப் பார்த்த அன்று எனக்கு அழுகை வந்துவிட்டது. எழுத்தில் இல்லாததைத்தான் பெண்கள் காலங்காலமாகத் தாங்கிப் பிடித்திருக்கிறார்கள். அதை ஓசி என்கிறார் இவர்.

டல்லாஸ் தாசன்:
அதைத்தானே நானும் சொல்கிறேன்! பெண்கள் தாங்கினார்கள். ஆனால் சபையின் உச்சப் பேரவையான பொதுக் கன்வென்ஷனில் பிரதிநிதிகள் அவையில் பெண்களுக்கு முறையாக இடம் கிடைத்தது 1970இல். குருப்பட்டத்துக்குக் கன்வென்ஷன் சம்மதித்தது 1976இல். அதுவரை துவைக்க மட்டும் வேண்டியிருந்ததா?

பிலடெல்பியாவை எடுங்கள். 1793இல் மஞ்சள் காய்ச்சல் ஊரை அள்ளிக்கொண்டு போனபோது கறுப்பினத் தலைவர்களான அப்சலாம் ஜோன்ஸும் ரிச்சர்ட் ஆலனும் கறுப்பின மக்களைத் திரட்டி நோயாளிகளைப் பார்த்தார்கள், பிணங்களை அடக்கம் செய்தார்கள். மறுவருடம் ஜோன்ஸின் செயின்ட் தாமஸ் சபையை எபிஸ்கோபல் சபை சேர்த்துக்கொண்டது. எந்த நிபந்தனையில்? மறைமாவட்டக் கன்வென்ஷனில் உட்கார இடம் கிடையாது. உழைக்க வா, உட்காராதே. ஆறு வருடம் நான் அனுபவித்ததும் இதுதான். காபி ஹவர் அடுப்படி முழுக்க நம் ஆட்கள், வெஸ்ட்ரி மேசையில் ஒருவர் இல்லை.

ஓரத்து இருக்கை:
இதில் நியாயம் இருக்கிறது, அண்ணாச்சி. இதையே நேற்று எழுதியிருந்தால் யாரும் சண்டைக்கு வந்திருக்க மாட்டார்கள்.

நாசரேத்துக்காரி:
நியாயம் இருக்கட்டும். சிங்க் என்று எழுதியதைத் திரும்பப் பெறச் சொல்லுங்கள். ஒரு கோயிலில் பார்த்ததை வைத்து நாடு முழுக்க உள்ள ஆல்டர் கில்ட் பெண்கள் எல்லாரையும் இழிவு செய்திருக்கிறார்.

டல்லாஸ் தாசன்:
பார்த்ததைத் திரும்பப் பெற முடியாது. சிங்க்கில்தான் ஊற்றினார்கள்.

அசனத்துச் சட்டி:
எல்லாரும் துணியிலேயே நிற்கிறீர்கள். எங்கள் ஊர்க் கோயில் விருந்தான அசனத்துக்கு விடிய விடிய சட்டி கிண்டுகிறவர்களுக்கு யார் கூலி கொடுக்கிறார்கள்? வெங்காயம் உரித்தவன் கணக்குக் கேட்டானா? நியூயார்க் செல்சியில் ஹோலி அப்போஸ்தல்ஸ் கோயிலில் 1982 முதல் ஏழைகளுக்குச் சாப்பாடு போடுகிறார்கள். ஆராதனை நடக்கும் கோயிலுக்குள்ளேயே மேசை போட்டுப் பரிமாறியிருக்கிறார்கள். ஒரு வாரம் லீவு போட்டுப் போய்த் தட்டு கழுவினேன். என் பக்கத்தில் நின்று கழுவியவர் அதற்கு முன்பு அங்கே சாப்பிட வந்தவர். ஊழியமா இல்லையா என்று அவரிடம் போய்க் கேளுங்கள்.

டல்லாஸ் தாசன்:
ஒரு வாரம் லீவு போட்டுப் போன உங்களுக்கும் ஆறு வருடம் ஞாயிறு முழுக்க நின்ற எனக்கும் வித்தியாசம் இருக்கிறது, தம்பி.

அசனத்துச் சட்டி:
ஆறு வருடம் என்று எத்தனை தடவை சொல்வீர்கள்? போன கிறிஸ்துமஸ் கேரல் ரவுண்ட்ஸுக்குக் கூப்பிட்டபோது முழங்கால் வலி என்று வராமல் போனது யார்? அன்றைக்கே கிரிக்கெட் ஆடுகிற போட்டோ போட்டீர்கள்.

டல்லாஸ் தாசன்:
அது பழைய போட்டோ.

மதுரை மிஷன்:
போட்டோவில் இருந்த ஜெர்சி போன நவம்பரில் வாங்கியது. என்னோடுதான் ஆர்டர் போட்டீர்கள்.

ஓரத்து இருக்கை:
கேரலையும் ஜெர்சியையும் விடுங்கள். அண்ணாச்சி கேட்டதில் முக்கியமானது, நம் ஆட்கள் ஏன் வெஸ்ட்ரிக்குப் போட்டியிடுவதில்லை என்பது. எங்கள் சபையில் வருடாந்தரக் கூட்டம் ஜனவரியில். பெயர் கொடுக்கச் சொல்லி இரண்டு மாதத்துக்கு முன்பே அறிவிக்கிறார்கள். நம்மில் ஒருவர்கூடக் கை தூக்குவதில்லை. ஊர் எலெக்‌ஷன் சண்டைகளைப் பார்த்த பயமா?

நாசரேத்துக்காரி:
பயம் ஒன்றும் இல்லை. மதுரைத் தம்பிக்கும் சேர்த்தே சொல்கிறேன். வெஸ்ட்ரிக்கு என்னை இரண்டு முறை கேட்டார்கள். நான்தான் மாட்டேன் என்றேன். வரவு செலவு பேசுவதைவிட அந்தப் பீடத்துக்குப் பக்கத்தில் நிற்பது எனக்குப் பெரிது. கீழே தள்ளப்பட்டு அங்கே நிற்கவில்லை, நானாகத் தேர்ந்துகொண்ட இடம் அது. ஈஸ்டர் முந்தின நாள் நாலு பெண்கள் வெள்ளி மெழுகுவர்த்தித் தாங்கிகளைத் தேய்த்துக்கொண்டே அவரவர் பிள்ளைகளைப் பற்றிப் பேசுவோம். அதில் ஒருத்திக்குப் புற்றுநோய் என்று எங்களுக்குத்தான் முதலில் சொன்னாள். புருஷனுக்குக்கூடப் பிறகுதான் தெரியும். அந்த அறையில் கிடைப்பது உங்கள் வெஸ்ட்ரி மேசையில் கிடைக்காது.

டல்லாஸ் தாசன்:
மாட்டேன் என்று நீங்கள் சொன்னதால்தான் அந்த மேசையில் நம் குரல் இல்லை. அப்போதும் நஷ்டம் எங்களுக்குத்தான்.

நாசரேத்துக்காரி:
ஆறு வருடத்தில் நீங்கள் ஒரு தடவையாவது பெயர் கொடுத்தீர்களா?

டல்லாஸ் தாசன்:
பேச்சை மாற்றாதீர்கள். நான் பார்த்தது சிங்க்.

நாசரேத்துக்காரி:
வருகிற ஞாயிறு துணி அலசும்போது வீடியோ எடுத்துப் போடுகிறேன். பிசினாவில் ஊற்றுவதை எல்லாரும் பாருங்கள்.

மதுரை மிஷன்:
பீடத்துப் பக்கத்தில் வீடியோ எடுக்கலாமா? உங்கள் வழக்கத்தில் அதற்கு இடம் உண்டா?

நாசரேத்துக்காரி:
பிசினா பீடத்தில் இல்லை தம்பி, பக்கத்து அறையில் இருக்கிறது. எதையும் பார்க்காமலே பேசுகிறீர்கள்.

டல்லாஸ் தாசன்:
வீடியோவில் குழாய் எங்கே போகிறது என்றும் காட்டுங்கள்.