1982 சிலி நெருக்கடி: பட்ஜெட்டில் உபரி, வங்கிகள் மட்டும் எப்படிக் கவிழ்ந்தன?

கேள்வி (ஓலைச்சுவடி):
சிலியில் பினோசெட்டின் ராணுவ ஆட்சியில் 1979–81இல் அரசுக் கணக்கில் உபரிதான். இறக்குமதி வரியும் கார் போன்ற சிலவற்றைத் தவிர எல்லாவற்றுக்கும் ஒரே 10 சதவீதம். சிகாகோ பல்கலைக்கழகத்தில் படித்துவிட்டு வந்த, தடையற்ற சந்தையை ஆதரித்த பொருளியலாளர்கள் சொன்னதையெல்லாம் செய்தாயிற்று. பிறகு 1982இல் ஜிடிபி சுமார் 14 சதவீதம் சரிந்தது ஏன்? உலக வட்டி ஏறியதுதான் காரணம் என்றால் பக்கத்து நாடுகளுக்கும் அதே அடி விழுந்திருக்க வேண்டுமே?

பதில் (பேரேடு):
வட்டி உயர்வும், சிலியின் முக்கிய ஏற்றுமதியான செம்பின் விலைச்சரிவும் அடித்தது உண்மை. ஆனால் சிலிக்கு இவ்வளவு பலமாக விழுந்ததற்கு 39 என்ற எண்ணைப் பாருங்கள். 1979 ஜூனில் நிதியமைச்சர் செர்ஹியோ தெ காஸ்த்ரோ டாலர் மதிப்பை 39 பெசோ என்று கட்டிப்போட்டார். விலைவாசி தானாக அடங்கிவிடும் என்று கணக்கு. அடங்கவில்லை, 1980இல் பணவீக்கம் 31 சதவீதம். அதே 1979இல் வந்த தொழிலாளர் சட்டமோ, கூட்டுப் பேரத்தில் (சங்கமும் முதலாளியும் பேசி முடிப்பதில்) சம்பளம் முந்தைய பணவீக்க அளவுக்காவது ஏற வேண்டும் என்றது. இரண்டையும் ஒரே கையெழுத்தில் போட்டவர்களை என்ன சொல்ல! உள்ளூர்ச் செலவு ஏறிக்கொண்டே போக, டாலர் நகரவில்லை. இறக்குமதிச் சரக்கு மலிந்தது, உள்ளூர் ஆலைகள் மூடின, டாலர் கடன் சல்லிசாகத் தெரிந்தது.

10,000 டாலர் வாங்கியவர் தலையில் 3,90,000 பெசோ கடன். 1982 ஜூன் 14 அன்று 46 ஆக்கியதும் 4,60,000. ஆண்டு முடிவில் டாலர் 70ஐத் தாண்டியதால் 7 லட்சத்துக்கும் மேல். வருமானம் முழுக்க பெசோவில்.

உபரி காப்பாற்றாததற்குக் காரணம், கடனில் பெரும்பங்கு தனியாருடையது. "அரசு வாங்கவில்லையே, சந்தை பார்த்துக்கொள்ளும்" என்று விட்டார்கள். 1981இல் நடப்புக் கணக்குப் பற்றாக்குறை (வணிகம், வட்டி போன்றவற்றில் வெளிநாட்டுக்குப் போகும் பணம் உள்ளே வருவதை மிஞ்சும் தொகை) ஜிடிபியில் 14 சதவீத அளவுக்குப் போய்விட்டது.

பதில் (கல்லாப்பெட்டி):
வங்கிப் பக்கத்தையும் சேர்த்துக்கொள்ளுங்கள். 1970களில் அரசு தவணையில் விற்ற வங்கிகளை சில தொழில் குழுமங்கள் வாங்கின. வங்கி டாலரில் கடன் வாங்கித் தன் குழுமக் கம்பெனிகளுக்கே கொடுக்கும். வட்டி கட்ட முடியாவிட்டால் அசலோடு சேர்த்துப் புதுக்கடனாக எழுதும். ஏட்டில் வாராக்கடனே தெரியாது. மேற்பார்வை பெயருக்குத்தான்.

1983 ஜனவரி 13 அன்று பாங்கோ தெ சிலி, பாங்கோ தெ சாந்தியாகோ உட்பட ஐந்து வங்கிகளின் நிர்வாகத்தை அரசு கையில் எடுத்தது, மூன்றைக் கலைத்தது. "சோஷலிசத்துக்கு சிகாகோ வழி" என்று அங்கே கிண்டலடித்தார்கள். அரசு உத்தரவாதமே இல்லாத தனியார் கடனுக்கும் வெளிநாட்டு வங்கிகளின் நெருக்குதலால் அரசு பொறுப்பேற்றது. அந்த மீட்பால் மத்திய வங்கிக்கு பாங்கோ தெ சிலி பட்ட பாக்கி 2019இல்தான் தீர்ந்தது.

பதில் (செம்புக்காசு):
வேலையின்மைப் புள்ளிவிவரத்தை எடுக்கும்போது கவனம். பி.இ.எம்., பி.ஓ.ஜே.எச். என்ற அரசு வேலைத்திட்டங்களில் சொற்பக் கூலிக்குத் தெரு பெருக்கியவர்களும் "வேலையில் இருப்பவர்கள்" கணக்கில் வருவார்கள். அவர்களையும் வேலையில்லாதவர்களாகச் சேர்த்தால் 1983இல் வேலையின்மை சுமார் 30 சதவீதம். நாடாளுமன்றம் கலைக்கப்பட்டு, கட்சிகள் தடை செய்யப்பட்ட நாட்டில் 39ஐ எதிர்த்துப் பேச யார் மிச்சம்? 1983 மே மாதம்தான் செம்புத் தொழிலாளர் சங்கத்தின் அழைப்பில் பெரிய எதிர்ப்பு வெடித்தது.

ராணுவத்துக்குச் சந்தை விதி பொருந்தவில்லை என்பதும் குறித்துக்கொள்ள வேண்டியது. கோதெல்கோ என்ற அரசு செம்பு நிறுவனத்தை விற்கவில்லை. அதன் ஏற்றுமதி வருமானத்தில் 10 சதவீதம் ஆயுதக் கொள்முதலுக்குப் போனது. 1981இல் சம்பளத்தில் 10 சதவீதம் பிடித்துத் தனியார் ஓய்வூதியக் கணக்கு வந்தபோது, ராணுவமோ பழைய அரசு ஓய்வூதியத்திலேயே இருந்துகொண்டது.