ஸ்பேட் 5, ஹார்ட் 5, பார்ட்னர் 1 நோ டிரம்ப்: ஸ்லாமுக்கு எப்படிப் போவது?

காவேரிப்பட்டினம்காரன்:
கிருஷ்ணகிரியில் ஞாயிறு மதியம் நாலு பேர் உட்கார்ந்து பிரிட்ஜ் ஆடுகிறோம். 2018 ஆசிய விளையாட்டில் இந்திய ஜோடி தங்கமே வாங்கியாச்சு, எங்கள் தெருவுக்கு இன்னும் இது ரம்மிதான். சரி, விஷயத்துக்கு வருகிறேன்.

பார்ட்னர் 15-17 பாயிண்ட் (ஏஸ் 4, கிங் 3, குயின் 2, ஜாக் 1) வைத்து 1 நோ டிரம்ப், அதாவது துருப்பு இல்லாமல் 7 பிடி என்று ஏலத்தைத் திறந்தார். என் கை:
♠ ஏஸ், குயின், 10, 8, 4
♥ கிங், குயின், 9, 6, 3
♦ கிங், 5
♣ 7

நான் 2 ஹார்ட் சொல்லி ஸ்பேடுக்கு டிரான்ஸ்ஃபர் செய்தேன் (என்னிடம் ஐந்து ஸ்பேட் உண்டு, நீங்கள் 2 ஸ்பேட் சொல்லுங்கள் என்று பொருள்). அவர் 2 ஸ்பேட். நான் 4 ஹார்ட், அவர் பாஸ். அவர் கையில் இருந்தது:
♠ கிங், 6
♥ ஏஸ், ஜாக், 5, 2
♦ ஏஸ், 8, 4, 2
♣ கிங், 8, 5

12 பிடி வந்தது, அதாவது ஸ்லாமுக்கு வேண்டிய அளவு. 4 ஹார்ட் என்றால் நிறுத்தச் சொல்கிறேன் என்றுதான் அர்த்தம் என்கிறார் பார்ட்னர். நேரே 4 நோ டிரம்ப் கேட்டு ஏஸ் எண்ணியிருக்கலாமா?

ஓசூர் நாலாவது கை:
உங்கள் பார்ட்னர் சொல்வது சரிதான் சார். டிரான்ஸ்ஃபருக்குப் பிறகு 4 ஹார்ட்டுக்குத் தாவினால், “என்னிடம் 5-5, ஒரு கேமைத் (4 ஹார்ட் அல்லது 4 ஸ்பேட்) தேர்ந்தெடு, அதோடு விடு” என்றுதான் பெரும்பாலான ஜோடிகள் எடுத்துக்கொள்ளும். 4 நோ டிரம்பும் உதவாது. 2 ஸ்பேடுக்கு மேல் அது ஏஸ் கேட்பதில்லை. கை கனமாக இருந்தால் 6 நோ டிரம்புக்குப் போ என்ற அழைப்பு.

அந்த இடத்தில் 3 ஹார்ட் சொல்லுங்கள். கேமுக்குக் கீழே யாரும் பாஸ் செய்ய முடியாது, பேச இடமும் மிச்சம் இருக்கிறது. ஹார்ட்டுக்கு டிரான்ஸ்ஃபர் செய்து அப்புறம் 2 ஸ்பேட் சொல்வதைப் பலர் கேம் அழைப்புக்கு வைத்திருப்பார்கள். ஆகவே வலுவான 5-5 கையென்றால் ஸ்பேடில்தான் தொடங்க வேண்டும்.

பாலக்கோடு வாத்தியார்:
3 ஹார்ட்டுக்குப் பிறகு திறந்தவர் பேச வேண்டியது இப்படி. ஸ்பேடில் மூன்று சீட்டு இருந்தால் 3 ஸ்பேட். ஹார்ட் பொருந்துகிறது, ஆனால் கை மெலிவு என்றால் 4 ஹார்ட். ஹார்ட் பொருந்தி கையும் நன்றாக இருந்தால் 4 கிளப் அல்லது 4 டைமண்ட், அந்த நிறத்தின் ஏஸைக் காட்டி.

நன்றாக இருக்கிறது என்பதை பாயிண்டை மட்டும் வைத்துச் சொல்லக்கூடாது. இந்தக் கை 15தான், அடிமட்டம். ஆனால் ஸ்பேட் கிங், ஹார்ட் ஏஸ், ஜாக், டைமண்ட் ஏஸ், எல்லாம் வேலை செய்யும் சீட்டு. வீணாகப் போவது கிளப் கிங் ஒன்றுதான். 17 பாயிண்டே இருந்தாலும், அதில் கிளப் கிங், குயின், ஜாக் உட்கார்ந்திருந்தால் நான் 4 ஹார்ட்டோடு நின்றுவிடுவேன்.

ஆக இவர் 4 டைமண்ட் சொல்வார். அதிலேயே கிளப் ஏஸ் இல்லை என்பதும் தெரிந்துவிடுகிறது. உங்களிடம் கிளப் ஒற்றைச் சீட்டு, கவலை இல்லை. ஹார்ட் துருப்பு முடிவான பிறகு வரும் 4 நோ டிரம்ப்தான் கீ கார்டு (முக்கியச் சீட்டு எத்தனை என்ற) கேள்வி. இரண்டு மேஜரும் (ஸ்பேட், ஹார்ட்) பேசப்பட்டிருப்பதால் நான்கு ஏஸோடு ஹார்ட் கிங், ஸ்பேட் கிங் இரண்டையும் சேர்த்து ஆறாக எண்ணலாம். முன்கூட்டியே பேசி வைத்த ஜோடிக்கு மட்டும் இது. பேசாமல் மேசையில் திடீரென்று எடுத்துவிட்டால் ஞாயிற்றுக்கிழமை கெட்டுப்போகும்.

1430 என்ற பதில் முறையில் அவர் பதில் 5 டைமண்ட், அதாவது கீ கார்டு 0 அல்லது 3. 4 டைமண்ட் சொன்னவரிடம் ஒரு ஏஸ் கட்டாயம் உண்டு, 0 ஆக முடியாது. 3, உங்கள் 2, மொத்தம் 5. ஒன்றுதான் குறைகிறது. 6 ஹார்ட்.

காவேரிப்பட்டினம்காரன்:
நன்றி சார். ஆட்டம் யார் கையில்?

பாலக்கோடு வாத்தியார்:
உங்கள் கையில். டிரான்ஸ்ஃபராகச் சொன்னாலும் ஹார்ட் என்ற பெயரை முதலில் எடுத்தது நீங்கள்தானே. கிளப் ஏஸ் போகும். துருப்பை எடுத்துவிட்டு ஸ்பேட் கிங், ஏஸ், குயின். ஜாக் விழாவிட்டால் நாலாவது ஸ்பேடை பார்ட்னர் பக்கம் துருப்பால் வெட்டினால் ஐந்தாவது நிற்கும். எதிராளிகளிடம் துருப்பு 3-1, ஸ்பேட் 4-2 என்று பிரிந்திருந்தாலும் 12 பிடி. வல்னரபிள் (போனஸும் தண்டமும் கூடும் நிலை) இல்லாதபோது உங்களுக்கு வந்தது 480; ஸ்லாம் சொல்லியிருந்தால் 980. டீம் ஆட்டத்தில் அந்த வித்தியாசம் 11 இம்ப் (டீம் ஆட்டப் புள்ளி).

தர்மபுரி மேஜர்:
எங்களுக்கு இவ்வளவு நீளம் வேண்டாம். 1 நோ டிரம்புக்கு மேல் நேரடி 3 ஹார்ட் என்றால் 5-5 கேம் அழைப்பு, 3 ஸ்பேட் என்றால் 5-5 கேம் கட்டாயம். மறதி உள்ளவர்களுக்கு நல்லது. இடம் கொஞ்சம் குறையும்.

காவேரிப்பட்டினம்காரன்:
5-4 ஆக இருந்தால்? அப்புறம், திறந்தவருக்கு இரண்டு மேஜரும் பொருந்தவில்லை என்றால்?

ஓசூர் நாலாவது கை:
5-4 என்றால் 2 கிளப் ஸ்டேமன் (நான்கு சீட்டு மேஜர் உண்டா என்ற கேள்வி) கேளுங்கள். இல்லை என்று 2 டைமண்ட் வந்தால் உங்கள் நான்கு சீட்டு மேஜரில் 3க்குத் தாவுங்கள், ஐந்து சீட்டு மற்றதில் என்று பொருள். ஸ்மோலன் என்பது அதுதான்.

இரண்டாவது கேள்வி: 4-3-3-3, 4-4-3-2, 5-3-3-2 கைகளில் இரட்டைச் சீட்டு ஒன்றுக்கு மேல் இருக்காது. அதனால் ஏதோ ஒரு மேஜரில் மூன்று நிச்சயம், எட்டுச் சீட்டுப் பொருத்தம் கிடைத்தே தீரும். மைனரில் (கிளப், டைமண்ட்) 5-4, மேஜரில் 2-2 வைத்துக்கொண்டு 1 நோ டிரம்ப் திறப்பவராக இருந்தால்தான் 3 ஹார்ட்டுக்கு மேல் 3 நோ டிரம்ப் வரும். உங்கள் பார்ட்னர் அப்படித் திறப்பாரா என்று அடுத்த ஞாயிறு சீட்டு கலைப்பதற்கு முன் கேட்டுக்கொள்ளுங்கள்.